ஸ்கேன் அறிக்கையில் பிழை: எது மருத்துவக் கவனக்குறைவு? யாரிடம் முறையிடலாம்? – ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: கேரள மாநிலம் ஆலப்புழையில் 2024 நவம்பரில் கடுமையான பிறவிக் குறைபாடுகளுடன் ஒரு குழந்தை பிறந்தது. கர்ப்ப காலத்தில் பலமுறை ஸ்கேன் எடுக்கப்பட்டும் இக்குறைபாடுகள் குறித்துத் தங்களிடம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று பெற்றோர் காவல் துறையில் முறையிட்டனர். அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர்கள் இருவர், தனியார் ஸ்கேன் மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் இருவர் என நால்வர் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள மாநில சுகாதாரத் துறை தனி விசாரணைக்கு உத்தரவிட்டது. ஸ்கேன் பதிவேடுகளை விதிப்படி பாதுகாக்கவில்லை எனக் கூறி இரு மையங்களின் உரிமத்தையும் ரத்து செய்தது.

வழக்குப் பதிவு மட்டுமே எவருடைய குற்றத்தையும் மெய்ப்பிப்பதாகாது. எனினும் இந்நிகழ்வு இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. படப் பரிசோதனையில் நேரும் பிழை எந்த நிலையில் சட்டத்தின் பார்வையில் கவனக்குறைவு ஆகிறது? அதை மெய்ப்பிக்க வேண்டிய படமும் பதிவேடும் இல்லாமற் போனால் நோயாளியின் நிலை என்ன?

தமிழ்நாட்டின் தென்மாவட்ட மக்களுக்கும் இக்கேள்விகள் தொலைவானவை அல்ல. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றுக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் தொடர்ந்து சென்று வருகின்றனர். எல்லை கடந்து சிகிச்சை பெறுவோருக்கு எங்கே, எப்படி முறையிடுவது என்ற ஐயமும் எழுகிறது.

பிழை எவ்வாறு நேர்கிறது?

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., மாமோகிராம் ஆகிய அனைத்திலும் பரிசோதனை மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில் படம் எடுக்கப்படுகிறது. அடுத்து, கதிரியக்கவியல் மருத்துவர் அப்படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். இறுதியாக அந்த அறிக்கை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் நோயாளியையும் சென்றடைய வேண்டும். பிழை இம்மூன்றில் எந்தக் கட்டத்திலும் நேரலாம்.

முதற்கட்டப் பிழைகள் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை. நோயாளியின் பெயர் மாறிவிடுவது, இடது வலது மாறிவிடுவது, தெளிவற்ற படத்தை மீண்டும் எடுக்காமல் விடுவது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் கட்டத்தில் நேரும் பிழைகளை வல்லுநர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். படத்தில் இருப்பதைக் கண் காணத் தவறுவது ஒன்று. கண்டதற்குத் தவறான பொருள் கொள்வது மற்றொன்று. இவற்றுள் முதல் வகையே அதிகம்.

அமெரிக்காவைச் சேர்ந்த கதிரியக்கவியல் மருத்துவர் ஹென்றி கார்லண்ட் 1949-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. நோய் அறிகுறி உள்ள மார்பு எக்ஸ்ரே படங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தை அனுபவமிக்க மருத்துவர்களும் தவறவிடுகின்றனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். இயல்பான படங்களும் கலந்து வரும் அன்றாடப் பணியில் பிழையின் அளவு 3 முதல் 5 சதவீதம் எனப் பிற்கால ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

2013-ல் வெளியான மற்றோர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 கதிரியக்கவியல் மருத்துவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்று அப்படங்களில் செருகப்பட்டிருந்தது. 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. ஒன்றைத் தேடும் கண் மற்றொன்றை விட்டுவிடக்கூடும் என்பதற்கு இந்த ஆய்வு இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடுவதால் அருகிலுள்ள இரண்டாவது குறை விடுபடுவதும் உண்டு.

மூன்றாம் கட்டப் பிழை எளிமையானது. ஆனால் விளைவு பெரிது. அறிக்கை சரியாக எழுதப்பட்டும் அது உரியவரிடம் சேர்வதில்லை. அவசரமாகத் தெரிவிக்க வேண்டிய செய்தி கோப்பிலேயே தங்கிவிடுகிறது. மேலும் ஒரு பரிசோதனை தேவை என்ற குறிப்பை எவரும் பின்தொடர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் செப்டம்பர் 17-ஆம் தேதி உலக நோயாளி பாதுகாப்பு நாளைக் கடைப்பிடிக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கான கருப்பொருளாக, நோயறிதலைச் செம்மைப்படுத்துவதை அந்நிறுவனம் தேர்ந்தெடுத்தது.

எல்லாப் பிழையும் கவனக்குறைவு ஆகாது

மருத்துவர் தவறிவிட்டார் என்பதாலேயே அவர் கவனக்குறைவாக நடந்தார் என்று சட்டம் கொள்வதில்லை. ஜேக்கப் மாத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டு 5 அன்று வழங்கிய தீர்ப்பு இதற்கு அடிப்படையாக உள்ளது. அதே துறையில் சாதாரணத் திறன் கொண்ட மருத்துவர் ஒருவர் அதே சூழலில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதே அளவுகோல். இங்கிலாந்தில் 1957-ல் தீர்க்கப்பட்ட போலம் வழக்கின் வழிவந்த அளவுகோல் இது. தீர்மானத்தில் நேர்ந்த பிழையும் எதிர்பாராத விபத்தும் மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகா என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

படப் பரிசோதனையில் இந்த வேறுபாடு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. முடிவு தெரிந்த பின்னர் பழைய படத்தைப் பார்ப்பவருக்கு நோய் எளிதில் புலப்படும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் இது தெரியவந்தது. நுரையீரலின் ஓரப்பகுதியில் பின்னர் கண்டறியப்பட்ட 50 புற்றுக்கட்டிகளுள் 45 கட்டிகள் முந்தைய எக்ஸ்ரே படங்களிலேயே தென்பட்டன என்று 1983-ல் வெளியான அந்த ஆய்வு கூறியது. எனவே, இப்போது தெரிகிறதா என்பது சரியான கேள்வி அன்று. முடிவை அறியாத நிலையில், கவனமுள்ள ஒரு மருத்துவர் அன்று அதைக் கண்டிருப்பாரா என்பதே சரியான கேள்வி.

கருவில் உள்ள குழந்தையின் உறுப்புகளை ஆராயும் ஸ்கேன் பொதுவாகக் கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படுகிறது. கரு கிடக்கும் நிலை, பனிக்குட நீரின் அளவு, தாயின் உடல்வாகு, கருவியின் தரம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில குறைபாடுகள் புலப்படாமல் போகலாம். எல்லாக் குறைபாடுகளையும் இந்த ஸ்கேன் காட்டிவிடும் என்ற உறுதி இல்லை. ஆனால் கை, கால் போன்ற உறுப்புகள் இல்லாத நிலையில் அவை இயல்பாக இருப்பதாக அறிக்கை தரப்பட்டால், அது பரிசோதனையின் எல்லை சார்ந்த குறையாகக் கருதப்படுவதில்லை.

மகாராஷ்டிர மாநிலம் நாக்பூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. கர்ப்ப காலத்தில் நான்கு முறை ஸ்கேன் எடுக்கப்பட்டும், பிறந்த குழந்தையின் கை கால்களில் இருந்த பெருங்குறைபாடு அறிக்கைகளில் குறிப்பிடப்படவில்லை. இவ்வழக்கில் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023-ல் உத்தரவிட்டது.

இத்தகைய பிழையில் காலம் தவறுவதே பெரும் இழப்பாகிறது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்தின்படி, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரங்கள் வரை அனுமதி உண்டு. கருவுக்குக் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் இந்தக் கால வரம்பு பொருந்தாது. எந்த முடிவை எடுப்பது என்பது பெற்றோரின் உரிமை. தவறான அறிக்கை அந்த உரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பையே நீக்கிவிடுகிறது. பிறப்புக்குப் பின் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் வாய்ப்பும் நழுவுகிறது.

படம் சாட்சியாகும்போது

படப் பரிசோதனை பிழைக்கு இடமாவது போலவே, பிற மருத்துவப் பிழைகளை வெளிக்கொணரும் சான்றாகவும் அமைகிறது. திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் 2023-ல் தைராய்டு அறுவை சிகிச்சை பெற்ற பெண் ஒருவரின் மார்புப் பகுதியில், இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் வழிகாட்டிக் கம்பி தங்கிவிட்டது பின்னர் எடுக்கப்பட்ட எக்ஸ்ரேயில் தெரியவந்தது. இச்செய்தி 2025 ஆகஸ்டில் வெளியானதும் சுகாதாரத் துறை வல்லுநர் குழு விசாரணைக்கு உத்தரவிட்டது. கழுத்து அல்லது மார்புப் பகுதியின் பெரிய சிரை வழியே குழாய் செலுத்திய பின், அது சரியான இடத்தில் உள்ளதா என்று மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது மருத்துவமனைகளில் வழக்கமான பாதுகாப்பு நடைமுறை ஆகும்.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2017 நவம்பரில் மகப்பேறு அறுவை சிகிச்சை பெற்ற பெண்ணின் வழக்கில் பழைய படமே முதன்மைச் சான்றாயிற்று. ஐந்து ஆண்டுகள் வலியால் அவதியுற்ற அவருடைய வயிற்றில் அறுவை சிகிச்சைக் கருவி இருப்பது 2022-ல் ஸ்கேனில் தெரிந்தது. அவருக்கு அதற்கு முன்பும் இரண்டு அறுவை சிகிச்சைகள் வேறிடத்தில் நடந்திருந்தமையால், கருவி எப்போது உள்ளே தங்கியது என்ற கேள்வி எழுந்தது. 2017-ன் தொடக்கத்தில் கொல்லத்தில் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் உலோகப் பொருள் எதுவும் காணப்படவில்லை என்பதை முன்வைத்து, கருவி கடைசி அறுவை சிகிச்சையில்தான் தங்கியது என்ற முடிவுக்குக் காவல் துறை வந்தது. 2023 ஆகஸ்டில் கூடிய மாவட்ட மருத்துவ வாரியம் இம்முடிவை ஏற்கவில்லை. எனினும் காவல் துறை மருத்துவர்கள் இருவர், செவிலியர்கள் இருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பழைய பரிசோதனையின் பதிவு கிடைத்திராவிடில் இந்த வாதமே எழுந்திருக்காது.

பதிவேடுகள்: சட்டம் கூறுவது என்ன?

மருத்துவர்களின் தொழில் நெறிமுறை குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாள் முதல் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும்.

கர்ப்ப கால ஸ்கேனுக்குத் தனிச் சட்டம் உள்ளது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு ஸ்கேன் குறித்தும் படிவம் 'எஃப்' நிரப்பப்பட வேண்டும். பதிவேடுகளும் படங்களும் 2 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். சட்ட நடவடிக்கை நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை அவற்றை அழிக்கக் கூடாது. ஆலப்புழை மையங்கள் மீதான நடவடிக்கைக்கு அடிப்படையானது பதிவேடு பாதுகாப்பு தொடர்பான இக்கடமையே.

அரசு மருத்துவமனைகளில் நோயாளி தன்னுடைய ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்டுப் பெறலாம். அதற்கு 30 நாட்களுக்குள் விடை அளிக்கப்பட வேண்டும்.

எங்கே முறையிடலாம்?

நோயாளி நாடக்கூடிய வழிகள் நான்கு. ஒன்றை நாடுவதால் மற்றொன்று அடைபடுவதில்லை.

முதலாவது, நுகர்வோர் குறைதீர் ஆணையம். இழப்பீடு கோருவோர் பெரும்பாலும் நாடும் வழி இதுவே. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின் கீழும் இந்நிலை தொடர்கிறது என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இச்சட்டத்துக்கு உட்படா. பெயரளவிலான பதிவுக் கட்டணம் மட்டுமே பெறுவதால் இந்நிலை மாறுவதில்லை. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள், இருசாராருக்கும் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே ஸ்கேனுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தால் அதன் ரசீது முக்கிய ஆவணமாகிறது.

2019 சட்டத்தில், எந்த ஆணையத்தை அணுகுவது என்பது கோரப்படும் இழப்பீட்டைப் பொறுத்ததன்று. செலுத்திய கட்டணத்தைப் பொறுத்தது. கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மாவட்ட ஆணையமே போதுமானது. 5 லட்சம் ரூபாய் வரை முறையீட்டுக் கட்டணமும் இல்லை. எனவே ஸ்கேன் தொடர்பான வழக்குகளில் ஏறத்தாழ அனைத்தும் மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றித் தொடங்கக்கூடியவை.

முறையீட்டாளர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது இச்சட்டம் தந்த புதிய உரிமையாகும். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தவர், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் தமிழிலுள்ள தம் ஆவணங்களோடு முறையிட இயலும். கேரளத்தில் வசிப்போர் தம் மாவட்ட ஆணையத்தையும், மேல்முறையீட்டுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள மாநில ஆணையத்தையும் நாடலாம். மேல்முறையீட்டுக்கு 45 நாட்கள் அவகாசம் உண்டு.

இரண்டாவது, மாநில மருத்துவக் கவுன்சில். மருத்துவரின் தொழில் நடத்தை குறித்த முறையீடுகளை இது விசாரிக்கிறது. எச்சரிக்கை முதல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை நடவடிக்கை எடுக்கலாம். இழப்பீடு வழங்கும் அதிகாரம் இதற்கு இல்லை. மருத்துவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்துள்ளாரோ அந்த மாநிலக் கவுன்சிலை அணுக வேண்டும். கேரளத்துக்கான கவுன்சில் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது.

மூன்றாவது, காவல் துறை. குற்ற வழக்குக்கு வெறும் கவனக்குறைவு போதாது. அது மிகையானதாக இருத்தல் வேண்டும் என்பது ஜேக்கப் மாத்யூ தீர்ப்பின் நிலைப்பாடு. விசாரணை அதிகாரி அத்துறையைச் சேர்ந்த, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும், மருத்துவரை வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற மருத்துவரின் கவனக்குறைவான மருத்துவ நடைமுறையால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

நான்காவது, சுகாதாரத் துறை. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மருத்துவமனைகள், ஆய்வகங்கள், ஸ்கேன் மையங்கள் ஆகியவற்றின் தரம் குறித்து முறையிடலாம். கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றவர்கள் இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ, அடிப்படை உரிமை மீறல் எனக் கருதினால் உயர் நீதிமன்றத்தையோ நாடலாம்.

இரண்டு ஆண்டுகள் என்ற எல்லை

நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். பிழை உடனே தெரியாத நிலையில் இக்காலம் எப்போது தொடங்குகிறது என்பது அடிக்கடி எழும் வாதம். 1993-ல் நடந்த அறுவை சிகிச்சையின்போது வயிற்றில் தங்கிய துணி 2002-ல் கண்டறியப்பட்ட ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2010-ல் விசாரித்தது. பிழை தெரியவந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடும் கொள்கையை நீதிமன்றம் அலசியது. ஆனால் பல ஆண்டுகள் வலி இருந்தும், செவிலியரான அவர் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்பதைச் சுட்டி, முறையீடு காலங்கடந்தது எனத் தள்ளுபடி செய்தது.

இந்தக் கால எல்லையையும் ஸ்கேன் மையங்களின் பதிவேட்டுக் காலத்தையும் ஒப்பிட்டால் ஓர் இடர்ப்பாடு புலப்படும். கர்ப்ப கால ஸ்கேன் படத்தை மையம் வைத்திருக்க வேண்டிய காலமும் 2 ஆண்டுகள். வழக்குத் தொடரும் காலமும் 2 ஆண்டுகள். ஆனால் முதலாவது ஸ்கேன் எடுத்தது முதல் ஓடுகிறது. இரண்டாவது, பாதிப்பு தெரியவந்த பின்னர் தொடங்கக்கூடும். குறை தாமதமாகத் தெரியவந்தால், வழக்குக்கு உரிமை இருந்தும் சான்று அழிந்துபோயிருக்கலாம். நோயாளியின் கையில் உள்ள படி மட்டுமே அப்போது எஞ்சியிருக்கும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* எழுத்து அறிக்கையுடன் படத்தையும் கேட்டுப் பெற வேண்டும். அறிக்கை ஒருவரின் கருத்து. மறு ஆய்வு செய்ய வேறொரு மருத்துவருக்குப் படமே தேவை. குறுந்தகட்டிலோ மின்னணு வடிவிலோ முழுப் பதிவையும் பெறுவது நல்லது. அச்சிட்ட சில படங்கள் மறு ஆய்வுக்குப் போதாமல் போகலாம்.

* அறிக்கையில் நோயாளியின் பெயர், வயது, தேதி, பரிசோதித்த உடற்பகுதி, இடது வலது குறிப்பு ஆகியவை சரியாக உள்ளனவா என்பதை அங்கேயே பார்க்க வேண்டும்.

* அறிக்கையில் மருத்துவரின் பெயரும் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

* முந்தைய படங்களை ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய படத்துடன் ஒப்பிடுவது பிழையைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது.

* மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்ற பரிந்துரை அறிக்கையின் இறுதியில் இருந்தால், எப்போது, எங்கே என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

* அறிகுறிகள் நீடித்தும் அறிக்கை இயல்பு எனக் கூறினால், அதே படத்தை மற்றொரு கதிரியக்கவியல் மருத்துவரிடம் காட்டிக் கருத்துப் பெறலாம். எல்லா நேரத்திலும் புதிய ஸ்கேன் தேவைப்படுவதில்லை.

* ஐயம் எழுந்தவுடன் ஆவணங்களை எழுத்து வடிவில் கோரி, கோரிக்கையின் நகலையும் அளித்த தேதிக்கான ஒப்புகையையும் வைத்திருக்க வேண்டும். 72 மணி நேரக் கெடு அந்நாளிலிருந்தே கணக்கிடப்படும்.